நியோ ஜியோ பலகையில் பழைய பேட்டரி போன இடத்தில் எதை வைப்பது?

ஓசாகாவின் எஸ்என்கே நிறுவனம் 1990இல் கொண்டுவந்த நியோ ஜியோ எம்விஎஸ் என்ற ஆர்கேட் பலகையை, அதாவது காசு போட்டு ஆடும் விளையாட்டு இயந்திரத்தின் மின்னணுப் பலகையை, பழைய பொருளாக வாங்குகிறவர் முதலில் தேட வேண்டியது கட்டிங் பிளையர். பல பலகைகளில் சாலிடர் வைத்துப் பொருத்திய 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரி இன்னும் அங்கேயே உட்கார்ந்திருக்கும். அது கக்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு செப்புத் தடங்களை அரித்து, பச்சையும் நீலமுமாகப் பொருக்குத் தட்டி, பக்கத்துச் சிப்புகளின் கால்களையும் தின்னும். அதை வெட்டி எறிய வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. அந்த இடத்தில் எதை வைப்பது என்பதில்தான் சண்டை.

பேட்டரி காப்பாற்றுவது அதிக மதிப்பெண்கள், விழுந்த காசுக் கணக்கு, இயந்திரத்தின் அமைப்புகள், கடிகாரம் ஆகியவற்றை மட்டுமே. அது செத்தாலும் ஆட்டம் ஓடும். ஆகவே அவசரப்படாமல், எவ்வளவு மின்சாரம் வடிகிறது என்று முதலில் அளந்து பார்க்கலாம். பேட்டரியோடு தொடராக ஒரு 1 கிலோ ஓம் மின்தடையை வைத்து, இயந்திரத்தை அணைத்துவிட்டு, மின்தடையின் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை வைக்க வேண்டும். ஒரு மில்லி வோல்ட் என்றால் ஒரு மைக்ரோ ஆம்பியர். ஒற்றை இலக்கத்தில் நின்றால் பலகை நலம். ஐம்பது, நூறு என்று காட்டினால் எந்தப் பேட்டரி வாங்கினாலும் வீண்தான்.

அப்படி வடிவதற்குப் பெரும்பாலும் பழைய கசிவின் எச்சமே காரணம். கண்ணுக்குத் தெரியாத காரப் படலம் இரண்டு தடங்களுக்கு நடுவே பாலம் போட்டிருக்கும். வினிகரால் துடைத்து, தண்ணீரில் கழுவி, கடைசியாக ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் விட்டு உலர்த்திய பிறகு மீண்டும் அளந்தால் பல நேரங்களில் எண் இறங்கிவிடும். இறங்காவிட்டால் மதிப்பெண்களையும் அமைப்புகளையும் சேமிக்கும் 62256 நினைவகச் சிப்பில், அதைத் தேர்ந்தெடுக்கும் 20ஆவது காலைப் பாருங்கள். இயந்திரம் அணைந்திருக்கும்போது அங்கே கிட்டத்தட்ட பேட்டரியின் வோல்ட்டேஜ் இருக்க வேண்டும். அதை மேலே பிடித்து வைத்திருக்கும் தடம் அரிபட்டுப் போயிருந்தால் கால் அந்தரத்தில் தொங்கும். சிப்பும் மின்சாரத்தை உறிஞ்சும், சேமித்ததும் குழம்பும். முன்பு யாரோ சிப்பை மாற்றியபோது குறைந்த மின்சாரத்தில் இயங்கும் வகையை விட்டுவிட்டுச் சாதாரண வகையை வைத்திருந்தாலும் இதே கதை நடக்கலாம்.

இனி போட்டியாளர்களுக்கு வருவோம். அதே மாதிரிப் புதிய நிக்கல் பேட்டரி வைப்பது சோம்பேறி வழி. சுற்றில் எதையும் மாற்ற வேண்டாம் என்பது உண்மைதான். ஆனால் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடும் அதே காரத்தைத்தான் வயிற்றில் வைத்திருக்கிறது. மாதக் கணக்கில் சும்மா கிடந்தால் தானாகவே காலியாகும். இன்னொரு முப்பது ஆண்டு கழித்து வேறொருவர் தலையில் இந்த வேலையைக் கட்டுவதற்கு எனக்கு மனமில்லை.

சிஆர்2032 பட்டன் செல்லுக்குத்தான் என் ஓட்டு, ஒரு கண்டிப்பான நிபந்தனையோடு. அந்தச் செல்லுக்கு மின்னேற்றம் ஆகாது. பலகையோ பழைய பேட்டரிக்கு மின்னேற்றம் செய்யும்படி அமைந்தது. அப்படியே பொருத்தினால் செல் வீங்கும், வெடிக்கவும் கூடும். மின்னேற்றும் பாதையைத் துண்டிக்க வேண்டும், அல்லது செல்லிலிருந்து பலகைக்கு மட்டும் மின்சாரம் போகும்படி 1என்4148 டையோடு ஒன்றைத் தொடராக வைக்க வேண்டும். டையோடு அரை வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாகத் தின்றாலும் சிப்புக்கு 2 வோல்ட் போதும். செல்லின் கொள்ளளவு சுமார் 220 மில்லி ஆம்பியர் மணி. வடிவது 5 மைக்ரோ ஆம்பியர் என்றால் கணக்குப்படி ஐந்து ஆண்டு. 50 என்றால் ஆறே மாதம்.

நான் ஒருமுறை புத்திசாலித்தனமாக ஷாட்கி டையோடு போட்டேன். வோல்ட்டேஜ் இழப்பு குறையும் என்பது கணக்கு. செல்லோடு தொடராக வைத்ததோடு நிறுத்தாமல், இயந்திரம் ஓடும்போது சிப்புக்கு மின்சாரம் தரும் 5 வோல்ட் பாதையில் இருந்த டையோடையும் மாற்றிவிட்டேன். ஷாட்கி எதிர்த்திசையில் கசியும் பழக்கம் உடையது. அணைந்த பலகை முழுவதற்கும் என் செல் சத்தமில்லாமல் தானம் செய்துகொண்டிருந்தது. அதைக் கண்டுபிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போயிற்று.

எல்ஐஆர்2032 என்ற மின்னேற்றக்கூடிய செல்லைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். அதன் உச்ச வரம்பு 4.2 வோல்ட். டையோடு தாண்டி வரும் 5 வோல்ட் 4.4 அளவில் வந்து நிற்கும். அளவு மீறி ஏறும் லித்தியத்தை இயந்திரத்தின் மரப்பெட்டிக்குள் வைத்து மூட நான் தயாரில்லை.

சூப்பர் கெப்பாசிட்டர், அதாவது நிறைய மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் மின்தேக்கி, பார்வைக்கு மிகச் சுத்தமான தீர்வு. 5.5 வோல்ட், 1 ஃபாரட் வகையைப் பழைய பேட்டரியின் இடத்திலேயே வைக்கலாம். பலகையில் ஏற்கெனவே இருக்கும் மின்தடை வழியாகவே அது நிரம்பும். 4.4 வோல்ட்டிலிருந்து 2 வோல்ட்டுக்கு இறங்க 5 மைக்ரோ ஆம்பியரில் ஐந்தரை நாள் ஆகும். அதன் சொந்தக் கசிவையும் சேர்த்தால் இன்னும் குறையும். தினமும் திறக்கும் விளையாட்டுக் கூடத்துக்கு இது பொருத்தம். மாதம் ஒருமுறை இயக்குகிறவருக்கு ஒவ்வொரு முறையும் வெற்றுப் பலகைதான் மிஞ்சும்.

எஃப்ராம் என்ற வகை நினைவகச் சிப் மின்சாரமே இல்லாமல் நினைவு வைத்திருக்கும். எஃப்எம்1808 வகை 62256இன் கால் வரிசைக்கு ஒத்துப்போகும். ஆனால் முன்பு சொன்ன 20ஆவது கால், அதாவது தேர்வுக் கால், ஒவ்வொரு முறையும் ஏறி இறங்கினால்தான் அது புதிய முகவரியை ஏற்கும்; எல்லாச் சுற்றும் அப்படி நடந்துகொள்ளாது. எம்விஎஸ்ஸில் இரண்டு சிப்புகள் வேண்டும். அப்போதும் கடிகாரத்துக்குப் பேட்டரி தேவை. சந்தையில் போலிகளும் உண்டு. கடிகாரத்தைப் பற்றிக் கவலைப்படாதவர், சாலிடர் வேலையில் கை பழகியவர் துணியலாம்.

கேப்காம் நிறுவனத்தின் சிபிஎஸ்-2 ஆர்கேட் பலகை வைத்திருப்பவர்கள் இந்த ஒப்பீட்டை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். 1993இல் வந்த அந்தப் பலகையில் பேட்டரி காப்பது மறைகுறியாக்கத்தின் திறவுகோலை. அது போனால் ஆட்டமே திறக்காது. அங்கே சில நாள் தாங்கும் கெப்பாசிட்டர் தற்கொலைக்குச் சமம். 2007இல் அந்தப் பூட்டு உடைக்கப்பட்டது. பின்னர் ஆர்வலர்கள் சிறு கட்டுப்பாட்டுப் பலகை ஒன்றின் உதவியால் திறவுகோலை மீண்டும் எழுதும் வழியையும் கண்டார்கள். செத்த பலகையையும் இப்போது எழுப்பலாம்.

என் எம்விஎஸ்ஸில் இருப்பது பட்டன் செல், பலகைக்கு வெளியே கம்பியில் தொங்கும் கூட்டில். கூட்டின் மேல் ஒட்டிய துண்டுச் சீட்டில் மாற்றிய தேதியும், அன்று மல்டிமீட்டர் காட்டிய எண்ணும் இருக்கின்றன: 4.