கவர் பாட்டுக்கு ‘பக்கேஜ்’ விலை சொல்லும் ஸ்டூடியோக்கள்: காசு கொடுக்கமுன் வாசியுங்கள்

ரொறொன்ரோவில், குறிப்பாக ஸ்காபரோ, மார்க்கம் பக்கம் இருந்துகொண்டு கிற்றாரோடு பாட்டுப் பதிவு செய்ய நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பதிவு, மிக்ஸிங், மாஸ்டரிங், கவர் (இன்னொருவர் எழுதிய பாட்டை நாம் பாடிப் பதிவது) லைசென்ஸ், ஸ்பாட்டிஃபையில் ஏற்றுவது எல்லாம் சேர்த்து ஒரே விலை என்று யாராவது சொன்னால் கொஞ்சம் பொறுங்கள். என்னிடம் நாலு பாட்டுக்கு 2,200 டொலர் வாங்கினார்கள். காசு போனதை விட மோசமான ஒன்று நடந்தது. பாடகர் நீல் யங் எழுதிய பாட்டுக்கு, எழுதியவர் என்ற இடத்தில் ஸ்டூடியோக்காரர் தன் பெயரைப் போட்டு உலகம் முழுக்க வெளியிட்டார். பாடுவது என் குரல்.

நீல் யங் இந்த நகரத்தில் 1945இல் பிறந்தவர். ஒமீமீ என்ற சின்ன ஊரில் சிறுவயதின் ஒரு பகுதியைக் கழித்து, வினிபெக்கில் பாண்ட் தொடங்கி, பிறகு திரும்பி வந்து யோர்க்வில் கோப்பிக் கடைகளில் பாடியவர். 1971 ஜனவரி 19 அன்று இங்குள்ள மாசி ஹால் அரங்கில் தனியாக உட்கார்ந்து பாடினார். கிற்றார், பியானோ, குரல், அவ்வளவுதான். ‘ஹார்வெஸ்ட்’ தொகுப்பு வெளிவர இன்னும் ஓராண்டுக்கு மேல் இருந்தது. ‘ஹார்ட் ஆஃப் கோல்ட்’ பாட்டை அன்றைக்கு வேறொரு பாட்டோடு சேர்த்துப் பியானோவில்தான் பாடினார். அந்த இரவின் பதிவு 2007இல்தான் வெளியானது. அதைக் கேட்டுக் கேட்டுத்தான் என் கை கிற்றாரில் பழகியது. ட்ரம்ஸ் இல்லாமல், பேஸ் இல்லாமல், அவர் அன்று செய்த மாதிரிப் பாடிக்கொண்டே வாசித்து நாலு பாட்டைப் பதிய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ‘ஹார்ட் ஆஃப் கோல்ட்’, ‘ஓல்ட் மேன்’, ‘ஹெல்ப்லெஸ்’, ‘ஹார்வெஸ்ட் மூன்’.

ஸ்டூடியோவை நடத்துபவர் எங்கள் ஆள்தான். ஒரு கலியாண வீட்டில் அறிமுகமானார். அப்போது 2023 கடைசி. கோவிட் பற்றிய பொய்த் தகவல்களைப் பரப்ப இடம் கொடுக்கிறார்கள் என்று சொல்லி நீல் யங் தன் பாட்டுகளை 2022 ஜனவரியில் ஸ்பாட்டிஃபையில் இருந்து எடுத்திருந்தார். 2024 மார்ச்சில்தான் திரும்பி வந்தார். “அண்ணை, ஸ்பாட்டிஃபையில அவற்ற பாட்டு இப்ப இல்லை. தேடுற சனம் உங்கட பாட்டைத்தான் கேக்கும். நீங்கள் வந்து பாடிட்டுப் போனாக் காணும், மிச்சத்தை நாங்கள் பாப்பம்” என்றார். ஒரு கலைஞர் கொள்கைக்காக விலகி நின்ற இடத்தைச் சந்தையாகப் பார்க்கும் அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை என்று நேரே சொன்னேன். “சரி அண்ணை, அதை விடுவம்” என்று கதையை மாற்றினார். லைசென்ஸ் முறையாக எடுப்பீர்களா, தனித்தனி ட்ராக்குகளை (கலக்காமல் பதிந்தபடியே இருக்கும் ஒலி ஃபைல்களை)த் தருவீர்களா என்று இரண்டு கேள்வி கேட்டேன். இரண்டுக்கும் ஓம் என்று வாட்ஸ்அப்பில் எழுத்தில் பதில் வந்தது. அந்தப் பதில்தான் இன்றைக்கு என் கையில் இருக்கும் ஆதாரம்.

ஸ்டூடியோ பேஸ்மென்டில் இருந்தது. அதில் ஒரு குறையும் இல்லை. பேஸ்மென்டில் அருமையாகப் பதிவு செய்பவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். ஆனால் இந்த அறையின் சுவருக்கு அந்தப் பக்கம் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ். அது ஓடத் தொடங்கினால் ஹெட்போனில் இரைச்சல். நின்றாலும் கரண்டின் 60 ஹெர்ட்ஸ் முனகல் அடியில் கேட்டுக்கொண்டே இருந்தது. “அதைப் பிறகு எடுத்துவிடலாம்” என்றார். முனகலை ஃபில்டர் போட்டு ஓரளவு குறைக்கலாம், உண்மைதான். ஆனால் கிற்றாரின் அடித்தந்திகளின் ஒலியும் அதே பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே கைவைத்தால் கிற்றார் ஒலியின் கனமும் சேர்ந்து போய்விடும்.

மைக்கைக் கிற்றாரின் ஓட்டைக்கு நேரே வைத்தார்கள். அக்கூஸ்டிக் கிற்றாருக்கு மைக்கைப் கழுத்தில் உள்ள பன்னிரண்டாவது ஃப்ரெட் (உலோகக் கோடு) பக்கமாக, ஒரு சாண் ஒன்றரைச் சாண் தள்ளி வைப்பதுதான் பொதுவான வழக்கம். ஓட்டைக்கு நேரே வைத்தால் கீழ்ச்சத்தம் வீங்கிக் குமுறும். இதைச் சொன்னதும் மைக்கை எடுத்துவிட்டு, கிற்றாரின் உள்ளே இருக்கும் பிக்கப்பில் (அதிர்வை மின்சாரமாக மாற்றும் கருவி) வயரைச் செருகினார்கள். மேடைக்கு அது சரி. பதிவில் இந்த மாதிரிப் பிக்கப்பை மட்டும் நம்பினால் தகரத்தைத் தட்டுகிற மாதிரிக் கேட்கும். அப்புறம் கிற்றாரைத் தனியாக, ஹெட்போனில் தாளம் காட்டும் க்ளிக் சத்தத்துக்கு வாசியுங்கள், பாட்டைப் பிறகு பாடலாம் என்றார்கள். கழுத்தில் மௌத் ஓர்கன் மாட்டிக்கொண்டு, பாடும் மூச்சுக்குத் தக்கபடி கை கொஞ்சம் முந்தியும் பிந்தியும் போவதுதான் இந்தப் பாட்டுகளின் உயிர். ‘ஹார்வெஸ்ட்’ தொகுப்பிலேயே ஒரு பாட்டு, அவர் மேடையில் தனியாகப் பாடிய நேரடிப் பதிவு. விடாமல் கேட்டுக்கொண்டபின், ‘ஹெல்ப்லெஸ்’ பாட்டை மட்டும் ஒரு தடவை, க்ளிக் இல்லாமல், பாடியபடியே வாசிக்க விட்டார்கள். அந்த நாளில் எனக்கு மனம் நிறைந்த பதிவு அது ஒன்றுதான்.

மீதிப் பணத்தைக் கட்டினால்தான் ஃபைல் தருவோம் என்றார்கள். இ-ட்ரான்ஸ்ஃபர் மட்டும்தான், கார்ட் எடுக்க மாட்டார்கள். இதைக் கவனியுங்கள். கிரெடிட் கார்டில் கட்டினால் வங்கியிடம் முறையிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்க ஒரு வழி உண்டு. இ-ட்ரான்ஸ்ஃபர் மற்றவர் கணக்கில் விழுந்துவிட்டால் அந்த வழி இல்லை.

வந்தது நாலு எம்பி3. ‘ஹார்வெஸ்ட் மூன்’ பாட்டில் ஒரு ட்ரம் லூப்பும் கைதட்டல் சத்தமும் சேர்த்திருந்தார்கள். 1992இல் வந்த மூலப் பதிவில் தாளத்துக்கு மெல்லத் தேய்க்கும் சத்தம் ஒன்று கேட்கும், தெரியுமா? அது விளக்குமாறு. தரையைக் கூட்டுகிற அந்தச் சத்தத்தில் அந்தப் பாட்டு எவ்வளவு ஆறுதலாக நடக்கும்! அதற்கு மேல் கைதட்டல். என் குரலைச் சுரத்தைத் திருத்தும் ஆட்டோ-ட்யூனில் போட்டு, ஒரு சுரத்தில் இருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும் இடங்களை எல்லாம் வெட்டி நேராக்கியிருந்தார்கள். ‘ஹெல்ப்லெஸ்’ பாட்டுக்கு நான் விரும்பிய அந்தப் பதிவைப் பயன்படுத்தவே இல்லை. அதையாவது தாருங்கள் என்று கேட்டேன். தனி ட்ராக் வேண்டுமென்றால் பாட்டுக்கு இன்னொரு 250 டொலர் என்று பதில் வந்தது. வாட்ஸ்அப்பில் ஓம் என்று எழுதியதைக் காட்டினேன். பதில் நின்றுவிட்டது.

வேலை மோசம் என்பதோடு முடிந்திருந்தால் இந்தப் பதிவை எழுதியிருக்க மாட்டேன். பாட்டுகள் ஸ்பாட்டிஃபையில் வந்தபின், செயலியில் பாட்டின் கிரெடிட்ஸைத் திறந்து பார்த்தேன். பாடியவர் நான். எழுதியவர் என்ற இடத்தில் ஸ்டூடியோக்காரரின் பெயர். நாலு பாட்டுக்கும் அதே பெயர். பாட்டுகளை ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களுக்கு அனுப்பும் விநியோக நிறுவனத்தில் பாட்டை ஏற்றும்போது ‘இது கவரா, சொந்தப் பாட்டா’ என்று கேட்பார்கள். இவர் சொந்தப் பாட்டு என்று குறித்திருக்கிறார். 1972இல் அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போன, நீல் யங்குக்கு அங்கே முதலிடம் வாங்கித் தந்த ஒரே பாட்டான ‘ஹார்ட் ஆஃப் கோல்ட்’ பாட்டைத் தான் எழுதியதாகக் குறிக்க ஒருவருக்கு எப்படிக் கை வந்தது என்று இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

இந்த 2,200 டொலரில் 400 டொலர் லைசென்ஸுக்கு. அதற்கு ஒரு பக்கத்தில் ‘கிளியரன்ஸ் சேர்ட்டிபிக்கற்’ (அனுமதிச் சான்று) தந்தார்கள். ஸ்டூடியோவின் முத்திரை இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது. வெளியீட்டாளர் (எழுதியவர் சார்பில் பாட்டின் உரிமையைப் பார்ப்பவர்) பெயர் இல்லை, லைசென்ஸ் இலக்கம் இல்லை, எத்தனை பிரதிக்கு என்று இல்லை. உண்மையான லைசென்ஸில் இவை இல்லாமல் இருக்காது. 2021 ஜனவரியில் நீல் யங்கின் 1,180 பாட்டுகளின் உரிமையில் பாதியை ஹிப்னாசிஸ் என்ற நிதியம் வாங்கியது. அப்படியிருக்க, உரிமையாளர் யாரென்றே சொல்லாத ஒரு தாள் எப்படி அனுமதியாகும்? கனடாவில் பாட்டைப் பிரதி எடுத்து விற்பதற்கான இந்த லைசென்ஸை வெளியீட்டாளர்கள் சார்பில் சி.எம்.ஆர்.ஆர்.ஏ. என்ற அமைப்பு கொடுக்கிறது. நீங்களே விண்ணப்பிக்கலாம். அமெரிக்காவில் இதற்கான கட்டண விகிதத்தைச் சட்டமே வைத்திருக்கிறது. 2024இல், ஐந்து நிமிடத்துக்கு உட்பட்ட பாட்டுக்கு ஒரு பிரதிக்கு 12.4 சதம். நூறு பேர் டவுன்லோட் வாங்கினால் 12 டொலர் 40 சதம். அங்கே ஸ்ட்ரீமிங்குக்கான அனுமதியை 2021 முதல் ஸ்ட்ரீமிங் நிறுவனங்களே மொத்தமாக எடுத்து, எழுதியவர்களுக்குப் பணம் கட்டுகின்றன. பாடுபவர் தனியாகக் கட்ட வேண்டியதில்லை. ஆகவே ‘ஸ்பாட்டிஃபை லைசென்ஸ்’ என்று உங்களிடம் யாராவது காசு கேட்டால், எந்த அமைப்புக்கு எவ்வளவு கட்டினீர்கள் என்று ரசீது கேளுங்கள். வீடியோ வேறு விஷயம். படத்தோடு சேர்ப்பதற்கான அனுமதியைக் கொடுப்பதும் மறுப்பதும் வெளியீட்டாளரின் விருப்பம்.

வீடியோ என்றதும் இதையும் சொல்ல வேண்டும். நான் பாடுவதைத் தம்பி கைப்பேசியில் எடுத்திருந்தான். அவர்கள் தந்த ஒலியைச் சேர்த்து யூடியூபில் போட்டேன். உடனே உரிமைக்கோரல் வந்தது. வெளியீட்டாளர் கோரியிருந்தால் அது நியாயம், சந்தோஷமாக ஏற்றுக்கொண்டிருப்பேன். கோரியது அந்த ஸ்டூடியோ. என் குரலையும் என் கிற்றாரையும் தங்கள் சொத்தாக யூடியூபின் தானியங்கி முறையில் பதிந்து வைத்திருக்கிறார்கள். மறுப்புத் தெரிவித்தேன். பதில் சொல்ல அவர்களுக்கு 30 நாள் அவகாசம் உண்டு. கடைசி நேரத்தில் என் மறுப்பை நிராகரித்தார்கள்.

விநியோக நிறுவனத்துக்கு எழுதினேன். வாட்ஸ்அப் உரையாடல், பணம் கட்டிய விபரம், கிரெடிட்ஸின் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் இணைத்தேன். இரண்டு பாட்டை எடுத்துவிட்டார்கள். ‘ஓல்ட் மேன்’ பாட்டும் ‘ஹார்வெஸ்ட் மூன்’ பாட்டும் இதை எழுதும்போதும் அந்தப் பெயரோடு அங்கேதான் இருக்கின்றன. பணத்துக்காகச் சிறு உரிமைக்கோரல் நீதிமன்றத்துக்குப் போகிறேன். அதனால்தான் ஸ்டூடியோவின் பெயரை இங்கே எழுதவில்லை. தயவுசெய்து கேட்காதீர்கள்.

இனி யாரிடம் போனாலும், விநியோகக் கணக்கு என் பெயரில், என் மின்னஞ்சலில் திறக்கப்பட வேண்டும் என்று கேட்பேன். எழுத்தில் ஒப்பந்தம், பதிவு முடிந்த அன்றைக்கே 24 பிட் வேவ் (சுருக்கப்படாத ஒலி) ஃபைல்களாக எல்லா ட்ராக்கும் என் ட்ரைவில். நல்ல ஸ்டூடியோக்காரர்கள் இதற்கு முகம் சுளிக்க மாட்டார்கள். ட்ரைவ் கொண்டுவாருங்கள் என்று அவர்களே சொல்வார்கள்.

இதே மாதிரிச் ‘சேர்ட்டிபிக்கற்’ உங்களிடமும் இருந்தால், இன்றைக்கே செயலியில் உங்கள் பாட்டின் கிரெடிட்ஸைத் திறந்து, எழுதியவர் பெயரைப் பாருங்கள். வேறு பெயர் இருந்தால் ஸ்டூடியோவுக்குப் போன் எடுக்க முதல், திகதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நீங்கள் கேட்டது தெரிந்ததும் அவர்கள் அதை மாற்றிவிடுவார்கள்.