1200 ஜிஎஸ்எம் கார் துண்டு: திருப்பூர்க்காரனே ஏமாந்த கதை

பனியன் ஊரில் பிறந்து வளர்ந்து, எந்தத் துணி எவ்வளவு ஜிஎஸ்எம், அதாவது எவ்வளவு எடை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடக்கூடிய ஆட்களோடு தினமும் டீ குடிக்கிற நான், ஒரு துண்டு வாங்கி ஏமாந்தேன் என்று எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் போன வாரம் பக்கத்து வீட்டுக்காரர் அதே பளபள கவரைக் கையில் பிடித்துக்கொண்டு காரிலிருந்து இறங்கினார். அதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

சித்திரையில் புது கார் எடுத்தோம். கறுப்பு. "கறுப்பு வேண்டாமுங்க, தூசியும் தெரியும் கீறலும் தெரியும்" என்று ஷோரூமில் வண்டி காட்டின பையனே சொன்னான், கேட்கவில்லை. முதல் இரண்டு தடவை வாட்டர் வாஷ் கடையில்தான் விட்டேன். அங்கே ஒரு டிரம்மில் கட்டிங் வேஸ்ட் பனியன் துணி ஊறிக்கொண்டிருக்கும், அதையே எடுத்து டயரையும் துடைப்பார்கள், அடுத்து பானெட்டுக்கும் வருவார்கள். முன்னால் போன லாரியின் சேறும் அதே துணியில்தான் இருக்கும். சரி, இனி வீட்டிலேயே கழுவிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன்.

எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பு. பாத்ரூம் குழாயைச் சுற்றி வெள்ளையாகப் படிந்து நிற்குமே, அதே உப்புதான் கார் மேலும் உட்காரும். கழுவிவிட்டு வெயிலில் அப்படியே விட்டால் ஒவ்வொரு துளியும் காய்ந்து ஒரு வெள்ளை வட்டம் விட்டுப் போகும், கறுப்பு வண்டியில் அது அம்மைத் தழும்பு மாதிரி தெரியும். அதனால் எங்களைப் போன்ற உப்புத் தண்ணீர் ஆட்களுக்குக் கழுவுவதைவிடச் சீக்கிரம் துடைப்பதுதான் பெரிய வேலை. நல்ல துண்டு தேடிக் கிளம்பியது அதற்குத்தான்.

கோவையில் ஒரு கார் ஆக்சசரிஸ் கடை. பெயர் வேண்டாம். கடைக்காரர் கண்ணாடி மேஜை மேல் ஒரு டம்ளர் தண்ணீரை அப்படியே கொட்டினார், பக்கத்தில் கிடந்த சாம்பல் நிறத் துண்டை அதன் மேல் போட்டு ஒரு இழு இழுத்தார். மேஜை காய்ந்துவிட்டது. "ஆயிரத்து இருநூறு ஜிஎஸ்எம்ங்க சார், சாதா துணி இல்ல. ஒரே இழுப்புல மொத்த பானெட்டும் காஞ்சிரும். கீறல் விழுந்தா என்னைக் கேளுங்க" என்றார். நானும் தொட்டுப் பார்த்தேன், பூனைக்குட்டி மாதிரி இருந்தது. ஒன்று 1,150, இரண்டு எடுத்தால் 1,999. இரண்டு எடுத்தேன்.

இங்கேதான் தந்திரம். நான் தொட்டுப் பார்த்தது மேஜை மேல் கிடந்த துண்டு. எனக்குக் கொடுத்தது சீல் வைத்த கவர். பிரித்துப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, "சீல் பிரிச்சா அப்புறம் ரிட்டர்ன் எடுக்க மாட்டோமுங்க" என்றார். பில் கேட்டேன். "பில்லுன்னா ஜிஎஸ்டி சேர்ந்து வருமுங்க, எதுக்கு சார், போன்லயே போட்டு விட்டுருங்க." நானும் போட்டு விட்டேன். இருநூறு முந்நூறு மிச்சம் என்று மனதுக்குள் ஒரு சந்தோஷம் வேறு.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குக் காரைக் கழுவிவிட்டுத் துண்டை விரித்துப் பானெட் மேல் போட்டு இழுத்தேன். தண்ணீர் துண்டுக்குள் போகவில்லை, துண்டுக்கு முன்னால் ஓடியது. திரும்ப இழுத்தேன், இந்தப் பக்கம் ஓடியது. பிழிந்து பார்த்தால் நாலு சொட்டு. கடைசியில் கோபத்தில் வட்டம் வட்டமாக அழுத்தித் தேய்த்தேன், அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தண்ணீரை உறிஞ்சாத துணியை வைத்துக்கொண்டு வேறு என்ன செய்வார்கள்?

அன்று ராத்திரி பெட்ரோல் பங்கில் நிற்கும்போதுதான் பார்த்தேன். மேலே இருந்த எல்இடி விளக்கின் பிம்பத்தைச் சுற்றிப் பானெட் முழுக்கச் சிலந்தி வலை மாதிரி மெல்லிய கீறல்கள். பகல் நிழலில் ஒன்றுமே தெரியாது, ஒற்றை விளக்கு நேராக விழுந்தால் எல்லாம் தெரிந்துவிடும். பெயின்ட்டுக்கு மேலே கிளியர் கோட் என்று ஒரு படலம் இருக்கிறது, பெரும்பாலான கார்களில் 40, 50 மைக்ரான்தான், ஒரு தலைமுடியின் தடிமன்கூட இருக்காது. அந்தப் பளபளப்பு மொத்தமும் அந்தப் படலத்தில்தான். அதில் விழுந்த கோடு கழுவினால் போகாது, அந்தப் படலத்தையே கொஞ்சம் தேய்த்து எடுத்தால்தான் போகும்.

கடைக்குப் போன் செய்தேன். "புதுத் துண்டு அப்படித்தானுங்க, ஒரு தடவை துவைச்சுட்டு யூஸ் பண்ணுங்க" என்றார். இதில் கொஞ்சம் உண்மை உண்டு, புது மைக்ரோஃபைபரில், அதாவது இந்தத் துண்டுகளை நெய்கிற மெல்லிய செயற்கை நூலில், கம்பெனி பூச்சும் உதிரி நூலும் இருக்கும், முதலில் துவைக்கத்தான் வேண்டும். துவைத்தேன். மறுபடியும் அதே கதை. இன்னொரு தடவை வீட்டில் தெரியாமல் மற்ற துணிகளோடு போட்டு, மணக்க ஊற்றுவார்களே அந்த கண்டிஷனரையும் ஊற்றிவிட்டார்கள். அது நூலின் மேல் மெழுகு மாதிரி படிந்து, உறிஞ்சிக்கொண்டிருந்த கொஞ்சத்தையும் நிறுத்திவிட்டது. அந்தப் பழியைக் கடைக்காரர் மேல் போட மாட்டேன்.

சந்தேகம் வந்த பிறகுதான் புத்தி வேலை செய்தது. ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில். பனியன் கம்பெனியில் பையன்கள் சேர்ந்த முதல் வாரமே கற்றுக்கொள்கிற விஷயம். கவரில் 60க்கு 90 சென்டிமீட்டர் என்று போட்டிருந்தது, அதாவது 0.54 சதுர மீட்டர். 1200 ஜிஎஸ்எம் உண்மையானால் ஒரு துண்டு 648 கிராம் இருக்க வேண்டும். சமையலறைத் தராசில் வைத்தேன். 212. தராசு கெட்டுவிட்டது என்று நினைத்து அரைக்கிலோ சர்க்கரைப் பாக்கெட்டை வைத்துப் பார்த்தேன், தராசு சரியாகத்தான் இருந்தது. டேப்பை எடுத்து அளந்தால் துண்டும் 60க்கு 90 இல்லை, 56க்கு 84. கணக்குப் போட்டால் 450 வருகிறது.

என் மச்சான் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஃபேப்ரிக் செக்கிங்கில் இருக்கிறார். அவரிடம் காட்டினேன். கையில் வாங்கிய நொடியே சிரித்துவிட்டார். "என்னங்க மாப்ள, நாம போடற டீ சர்ட்டு 160, 180. குளிருக்குப் போடற கெட்டி ஃபிளீஸே 300 தான். ஆயிரத்து இருநூறுன்னா கைல வாங்கும்போதே தெரிய வேணாமா?" என்றார். அப்புறம் கம்பெனிக்குக் கூட்டிக்கொண்டு போய் ஜிஎஸ்எம் கட்டரை எடுத்தார். பார்க்க ஒரு வட்ட டப்பா மாதிரி இருக்கும், துணி மேல் வைத்து அழுத்தித் திருகினால் சரியாக 100 சதுர சென்டிமீட்டர் வட்டம் வெட்டி எடுக்கும், அதன் எடையை நூறால் பெருக்கினால் ஜிஎஸ்எம். "ஒண்ணை அறுத்துருவமா?" என்று கேட்டுவிட்டு என் பதிலுக்குக் காத்திருக்காமலே அறுத்துவிட்டார். 4.5 கிராம். அதே 450.

450 கெட்ட துணி என்று நான் சொல்லவில்லை. தேன்கூடு மாதிரி கட்டம் கட்டமாக நெய்த துண்டு அந்த எடையிலேயே நன்றாகத் துடைக்கும். 1200ம் பொய்யான எண் இல்லை, முறுக்கு நூலில் வளையம் வளையமாக இரண்டு அடுக்குச் சேர்த்துத் தைத்த துண்டுகள் அந்த எடைக்கு உண்மையாகவே வருகின்றன. 450ஐ 1200 என்று சொல்லி 1200 விலை வாங்கியதுதான் என் வயிற்றெரிச்சல்.

மச்சான் இன்னும் இரண்டு விஷயம் காட்டினார். ஒன்று ஓரம். ஓவர்லாக் தையல், மீன்பிடி நரம்பு மாதிரி விறைப்பான நூல், போதாததற்கு ஒரு மூலையில் பிளாஸ்டிக் மாதிரியான லேபிள். "கன்னத்துல வெச்சுத் தேய்ச்சுப் பாருங்க" என்றார். உள்பக்கம் மெத்தென்று இருந்தது, ஓரம் பிராண்டியது. காரிலும் அதுதான் பிராண்டியிருக்கும். இரண்டாவது, நல்ல மைக்ரோஃபைபர் நம் உள்ளங்கையில் இருக்கிற சின்ன வெடிப்பில்கூடப் பிடித்து இழுக்கும், உடம்பு கூசும். பாலியஸ்டரும் நைலானும் சேர்ந்த நூலைப் பிளந்து பிளந்து எடுத்திருப்பார்கள், அந்தப் பிளவில்தான் தண்ணீர் நிற்கும். என் துண்டு கையில் சேலை மாதிரி வழுக்கியது, பிளக்காத வெறும் பாலியஸ்டராகத்தான் இருக்கும் என்றார். நூலைக் கொளுத்திப் பார் என்று சிலர் சொல்வார்கள். அதில் பருத்தியா இல்லையா என்றுதான் தெரியும், ஏனென்றால் பாலியஸ்டர், நைலான் இரண்டுமே உருகி உருண்டையாகிவிடும்.

இதற்கு நடுவே கீறலை எடுக்கிறேன் என்று ஒரு பாலிஷ் கடையில் 3,500 ரூபாய் கொடுத்தேன். வண்டி கண்ணாடி மாதிரி வந்தது. மூன்று தடவை கழுவினேன், சிலந்தி வலை திரும்பி வந்துவிட்டது. எண்ணெய்ப் பசையான பாலிஷைக் கீறலுக்குள் அடைத்து மறைத்திருக்கிறார்கள், எடுக்கவே இல்லை. பாலிஷ் போட்டால் வண்டியை எடுக்கும் முன் ஒரு இடத்தை, அந்த எண்ணெய்ப் பசையைக் கரைத்து எடுக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காட்டச் சொல்லி, டார்ச் அடித்துப் பாருங்கள். அந்தக் கதையைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

துண்டு வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து கவரில் போட்ட நீள அகலத்தைப் பெருக்கி, ஜிஎஸ்எம்மால் பெருக்கி, எத்தனை கிராம் வர வேண்டும் என்று குறித்துக்கொண்டு போங்கள். 40க்கு 40 துண்டு 800 ஜிஎஸ்எம் என்றால் 128 கிராம். கடையில் தராசு இல்லை என்றால் பக்கத்து மளிகைக் கடையில் இருக்கும். கவரைப் பிரிக்க விடாத கடையில் வாங்காதீர்கள். தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, மாதம், வருடம், எம்ஆர்பி எல்லாம் கவரில் இருக்க வேண்டும் என்பது சட்டம். என் கவரில் எம்ஆர்பி ஸ்டிக்கர் மட்டும்தான் இருந்தது, அதுவும் கோணலாக.

இப்போது வேறு இடத்தில் தராசில் வைத்து வாங்கிய முறுக்கு நூல் துண்டு ஒன்று வைத்திருக்கிறேன், ஓரத்திலும் மெத்துத் துணி வைத்துத் தைத்தது. கடைசியாக இரண்டு குடம் குழாய்த் தண்ணீர், அதாவது ஆற்றுத் தண்ணீர், ஊற்றி போர் தண்ணீரின் உப்பைக் கழுவிவிட்டு, துண்டை விரித்துப் போட்டு மெதுவாக என் பக்கம் இழுக்கிறேன், அழுத்துவதில்லை. கதவின் அடிப்பக்கத்துக்கும் சக்கரத்துக்கும் வேறு துணி. கீழே விழுந்த துண்டு அன்றைக்குக் காரைத் தொடாது. துவைப்பது தனியாக, பருத்தித் துணியோடு சேர்த்தால் அதன் பஞ்சு முழுக்க இதில் ஒட்டிக்கொள்ளும். டப்பாவில் ஈரமாக வருமே, ரப்பர் மாதிரியான அந்த மஞ்சள் ஷாமி துணி எனக்குப் பிடிக்கவில்லை, தண்ணீரை நன்றாக எடுக்கிறது, ஆனால் வழவழப்பான அதன் முகத்தில் ஒரு மணல் மாட்டினால் உள்ளே போக இடம் இல்லாமல் பெயின்ட் மேலேயே உருளும். டப்பாவில் மூடி வைக்க மறந்தால் அப்பளம்.

நேரில் கடைக்கும் போனேன், அறுத்த துண்டோடு. மேஜை மேல் விரித்து, வெட்டிய வட்டத்தையும் மச்சான் எழுதிக் கொடுத்த எடைச் சீட்டையும் வைத்தேன். கடைக்காரர் சீட்டைப் பார்க்கவே இல்லை. நடுவில் இருந்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "கிழிஞ்ச துணிக்கு ரிட்டர்ன் இல்லீங்களே சார்" என்றார்.

பில் இல்லாதது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று அப்போதுதான் உறைத்தது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல், பணம் போட்ட ஸ்கிரீன்ஷாட்டையும் கவரின் போட்டோவையும் வைத்துப் புகார் பதிந்திருக்கிறேன். புகார் எண் வந்திருக்கிறது, பணம் வரவில்லை. அறுக்காத இன்னொரு துண்டு கவரோடு பீரோவில் பத்திரமாக இருக்கிறது, கேட்டால் காட்ட.