லென்ஸ் இல்லாத கண்ணுக்கு ஒரு விலை அட்டை

திருச்சியில் அத்தையை ஒரு தனியார் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டோக்கன், சொட்டு மருந்து, பவர் சோதனை எல்லாம் வழக்கம்போல். கோபம் வந்தது கவுன்சிலிங் அறையில்தான்.

மேசைமேல், கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ்களுக்கு லேமினேட் செய்த விலை அட்டை. கீழே சாதா லென்ஸ், உச்சியில் தூரமும் கிட்டமும் தெரியவைக்கும் மல்டிஃபோகல். "ஃபாரின்ல இருந்து வந்திருக்கீங்க சார், பாட்டிக்கு இதையே போட்டுடலாமே" என்று கவுன்சிலிங் செய்யும் பெண் மேல் வரியில் பேனாவை வைத்தார். அந்த வரியிலேயே ஏசி அறை, கூட இருப்பவருக்குச் சாப்பாடு. அத்தையின் இடது கண்ணில் லென்ஸே கிடையாது என்று ஃபைலின் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. எண்பதுகளில் பள்ளிக்கூடத்தில் நடந்த கேம்ப் ஆபரேஷன். புரை விழுந்த லென்ஸை உறையோடு எடுத்துவிட்டு சோடாபுட்டி கொடுத்து அனுப்பினார்களே, அந்தக் காலம். அட்டையில் இருந்த லென்ஸெல்லாம் அந்த உறைக்குள் உட்காருபவை. உறையே இல்லாத கண்ணில் எங்கே வைப்பீர்கள் என்று கேட்டால், "டாக்டர் பாத்துக்குவாங்க சார்."

நான் இருக்கும் லண்டனில், அரசு ஆஸ்பத்திரியில் விலை அட்டை நீட்டமாட்டார்கள். கடிதம் வரும், தேதி தள்ளிப்போனதென்று இன்னொரு கடிதம் வரும். அதற்கு இது தேவலையா என்று அன்றைக்கு எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

டாக்டர் வேறு ரகம். கேஸ் ஷீட்டைத் திருப்பிப் போட்டு கண்ணை வரைந்தார். வலது கண்ணில் பின்னாளில் லென்ஸ் வைத்தாகிவிட்டது. இடது கண்ணுக்கு மட்டும் தடிக் கண்ணாடி போட்டால் பிம்பம் கால் பங்கு பெரிதாகி எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். அத்தை கண்ணாடியைப் பெட்டியில் போட்டது அதனால்தான். கான்டாக்ட் லென்ஸ் உதவும். ஆனால் கை நடுங்கும் அத்தை தினமும் போட்டுக் கழற்றவா?

கண்ணுக்குள்ளேயே வைப்பதென்றால், கருவிழிக்கும் (முன்னால் இருக்கும் கண்ணாடிபோன்ற படலம்) ஐரிஸுக்கும் (பாப்பாவைச் சுற்றியுள்ள நிறமுள்ள வளையம்) நடுவே வைக்கிற லென்ஸ் சுலபம். ஆனால் நாளாவட்டத்தில் கருவிழியின் உள்பக்க செல்கள் குறையலாம். அத்தைக்கு ஏற்கெனவே குறைவு. ஐரிஸை நண்டுக் கொடுக்குபோலக் கவ்வும் லென்ஸும் உண்டு. பழைய ஆபரேஷனில் ஐரிஸை அகலமாக வெட்டியிருப்பதால் கவ்வ இடமில்லை. மிச்சம், கண்ணின் வெள்ளைச் சுவரில் மாட்டுவது. தைக்கலாம், நூல் சில வருஷத்தில் அறுவதுண்டு. லென்ஸின் கம்பிபோன்ற இரண்டு கைகளையும் சுவருக்குள் செருகி, ரத்தம் உறைய உதவும் புரதத்தாலான ஃபைப்ரின் பசையால் ஒட்டுவதை 2007-ல் சென்னை டாக்டர் அமர் அகர்வால் கொண்டுவந்தார். ஜப்பானிய டாக்டர் யமானேயின் முறையில் பசையும் வேண்டாம்; கைகளின் நுனியைச் சூட்டில் உருக்கிக் குமிழாக்கி, சுவருக்குள் புதைத்துவிடுவார்கள்.

பசை முறை என்று முடிவானது.

"தலைக்குக் குளிச்சா விட்டுப்போயிடாதே டாக்டர்?" என்றார் அத்தை.

"பசை கரைஞ்சாலும் கை உள்ள மாட்டியிருக்கும் பாட்டி. முதல்ல கொஞ்ச நாளைக்கு மட்டும் தலைக்குக் குளிக்காதீங்க."

இந்த ஆபரேஷனுக்கு அட்டையில் விலையே இல்லை. துண்டுச் சீட்டில் கையால் எழுதிக் கொடுத்தார்கள். விழித்திரை டாக்டரும் கூட இருக்க வேண்டுமாம், அவர் வருவது வியாழக்கிழமைதான். எனக்கு புதன்கிழமை ஃபிளைட். சித்தப்பா மகன் லீவு போட்டிருக்கிறான்.