கடைசி இரண்டு வாரம்: நீண்ட பயணத்தை எப்படி முடிப்பது?

வெளிநாடுகளில் மாதக்கணக்கில் முதுகுப்பையோடு அலையப் போகிறவர்களின் திட்டத்தைப் பார்த்திருக்கிறீர்களா? முதல் வாரம் மணிவாரியாகப் போடப்பட்டிருக்கும். விமான நிலையத்திலிருந்து ஹாஸ்டலுக்கு எந்த பஸ், சிம் கார்டு எங்கே கிடைக்கும், இறங்கியதும் கையில் எவ்வளவு பணம் வேண்டும் என்று எல்லாம் குறித்திருப்பார்கள். கடைசி வாரத்துக்கு நேராக ஒரே ஒரு வரிதான் இருக்கும்: டிக்கெட் மலிவாகக் கிடைக்கும் நாளில் ஊருக்குத் திரும்புவது.

அக்கறையை இப்படித் தலைகீழாகக் காட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. முதல் வாரம் எப்படிப் போனாலும் அதைச் சரிசெய்ய மாதங்கள் மிச்சமிருக்கின்றன. கடைசி வாரத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. ஊருக்குப் போய் ஆற அமர யோசித்துக்கொள்ளலாம் என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: ஊரில் ஆறவும் முடியாது, அமரவும் முடியாது. வேலை தேடுவது, முடங்கிப்போன வங்கிக் கணக்கை உயிர்ப்பிப்பது, பார்க்க வருகிறவர்களுக்குப் பதில் சொல்வது என்று முதல் மாதம் ஓடிவிடும். கண்டதையும் பட்டதையும் அசைபோட வேண்டுமென்றால் திரும்பும் முன்பே செய்துவிட வேண்டும். அதற்குப் பலரும் கையாளும் வழிகள் மூன்று. நான்காவதாக ஒன்று உண்டு. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

முடிவுக்கு ஏன் இத்தனை கவனம் என்று கேட்கலாம். 2002-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற உளவியலாளர் டேனியல் கானமன், தன் சகாக்களுடன் 1993-ல் வெளியிட்ட ஒரு சோதனை இருக்கிறது. 14 டிகிரி செல்சியஸ் குளிர்நீரில் 60 விநாடி கையை வைத்திருக்கச் சொன்னார்கள். இன்னொரு முறை அதே 60 விநாடி, அதோடு கூடுதலாக 30 விநாடி. அந்த 30 விநாடியில் நீரின் வெப்பம் மெல்ல 15 டிகிரிக்கு ஏறியது. இரண்டில் எதை மறுபடி செய்யத் தயார் என்று கேட்டபோது பெரும்பாலோர் நீண்டதையே தேர்ந்தெடுத்தார்கள். மொத்த வேதனை அதில்தான் அதிகம். ஆனால் முடிவு கொஞ்சம் இதமாக இருந்தது. நினைவு அதைப் பிடித்துக்கொண்டது. இதில் என்னைக் கவர்ந்தது அந்த ஒற்றை டிகிரிதான். இதமான முடிவுக்கு மலையுச்சிச் சூரியோதயம் எதுவும் தேவைப்படவில்லை.

கடைசி நாள் வரை ஓட்டம், பிறகு விமானம்

பெரும்பாலோர் செய்வது இதுதான். விசா முடியும் நாள் வரை சுற்றிவிட்டு, அரைத் தூக்கத்தில் விமானம் ஏறுவது. இதற்கு ஆதரவாகச் சொல்ல நிறைய இருக்கிறது. கொடுத்த பணத்துக்கு ஒரு நாள்கூட வீணாவதில்லை. விட்டுப்போன இடங்களைப் பார்த்துவிடலாம். இத்தனை தூரம் வந்துவிட்டு ஓர் அறையில் சும்மா உட்கார்ந்திருப்பதா என்ற உறுத்தலும் இல்லை.

ஆனால் அந்தக் கடைசி ஓட்டத்தில் உருப்படியாக எதுவும் மனத்தில் பதிவதில்லை. தொலைபேசியில் மட்டும் பதிகிறது. லிண்டா ஹென்கெல் என்ற அமெரிக்க உளவியலாளர் ஓர் அருங்காட்சியகத்தில் நடத்திய ஆய்வில், படம் எடுத்த பொருள்களைவிட வெறுமனே பார்த்த பொருள்களே பார்வையாளர்களுக்கு நன்றாக நினைவிருந்தன. பொருளின் ஒரு பகுதியை மட்டும் நெருக்கிப் படம் எடுத்தபோது அந்தக் குறை தென்படவில்லை. அவசரத்தில் இருப்பவர் நெருக்கிப் பார்ப்பதில்லை. முழுக் கோயிலையும் ஒரே சட்டத்துக்குள் அடக்கிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்கப் போகிறார்.

அப்புறம் உடம்பு. நேர மண்டலம் ஒன்றுக்கு ஏறத்தாழ ஒரு நாள் என்ற கணக்கில்தான் அது புது நேரத்துக்குப் பழகுகிறது. நம் உள்கடிகாரத்தின் சுற்று 24 மணி நேரத்தைவிடச் சற்றே நீளமானது என்பதால் நாளை நீட்டிக்கும் மேற்குப் பயணத்தை அது சமாளித்துவிடும். நாளைச் சுருக்கும் கிழக்குப் பயணத்தில் திணறும். ஆக, ஊரில் முதல் வாரம் உங்கள் மூளை உங்களுடையதாகவே இருக்காது.

இருந்தும் சிலருக்கு இதுவே சரியான வழி. உடல்நலம் கெட்டவர், கையிருப்பு தீர்ந்தவர், வீட்டில் ஒருவர் படுக்கையில் கிடப்பதாகச் செய்தி வந்தவர் எல்லாரும் உடனே கிளம்ப வேண்டியதுதான். அசைபோடுவதில் நாட்டமே இல்லாதவர்களும் இருக்கிறார்கள். அவர்களை உட்காரவைத்து டைரி எழுதச் சொல்வது கொடுமை.

தரைவழியே மெதுவாகத் திரும்புவது

கேட்கும்போதே ஆசை மூட்டும் வழி இது. இடைக்காலத்தில் ஸ்பெயினின் சாண்டியாகோ தே கொம்போஸ்தேலாவுக்கு நடந்துபோன யாத்திரிகர்கள் நடந்துதான் திரும்ப வேண்டியிருந்தது. தரிசனத்தின் பரவசம் தணிய அந்தத் திரும்பும் வழி முழுவதும் அவர்களுக்குக் கிடைத்தது. இன்றைய யாத்திரிகருக்குச் சில மணி நேர விமானப் பயணம்தான் கிடைக்கிறது. அங்கே போய்ச் சேர்ந்த பலர் நிறுத்த மனமில்லாமல் மேலும் 90 கிலோமீட்டர் நடந்து, ஃபினிஸ்தேரே என்ற கடல்முனை வரை போவதற்கு இந்தக் குறையும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

தரைவழிக்கு உச்சமான எடுத்துக்காட்டு டிரான்ஸ்-சைபீரிய ரயில். மாஸ்கோவிலிருந்து விளாதிவஸ்தோக் வரை 9,289 கிலோமீட்டர், ஏறத்தாழ ஏழு நாள். இரு நகரங்களுக்கும் இடையே நேர வித்தியாசம் ஏழு மணி. நாளுக்கு ஒரு மணி நேரம் என்று உடம்பு கேட்கும் அதே வேகத்தில் ரயிலும் போகிறது. (2018 வரை ரஷ்ய ரயில்களின் கால அட்டவணை முழுக்க மாஸ்கோ நேரத்திலேயே இருந்தது. வெளியே இருட்டிக்கொண்டிருக்க, நிலையக் கடிகாரம் பிற்பகல் என்று காட்டும்.) அப்படியொரு பெட்டியில் ஜன்னலோரம் கிடைத்துவிட்டால் யோசிப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. தரைவழி தரும் மிகப் பெரிய நன்மை அது.

ஆனால் எல்லாத் தரைவழியும் அப்படி வாய்ப்பதில்லை. நடைமுறையில் பெரும்பாலோருக்குக் கிடைப்பது ஆறு பஸ், நான்கு எல்லைச் சாவடி, மூன்று வகைப் பணம். எல்லையைக் கடக்கும் நாளில் மனிதனின் கவனம் முழுவதும் முத்திரையிலும், மாற்று விகிதத்திலும், பையின் பூட்டிலும் இருக்கும். அந்த நாளில் ஐந்து மாதத்துக்கு முந்தைய ஏரிக்கரை நினைவுக்கு வரும் என்று எதிர்பார்ப்பது வீண்.

வரைபடமும் ஒத்துழைக்க வேண்டும். பனாமாவுக்கும் கொலம்பியாவுக்கும் இடையே டேரியன் காட்டில் சுமார் 100 கிலோமீட்டருக்குச் சாலையே இல்லை. தென் அமெரிக்காவிலிருந்து வடக்கே சாலை வழியாகத் திரும்பலாம் என்ற கனவு அங்கேயே நின்றுவிடும். ஹெல்சின்கிக்கும் செயின்ட் பீட்டர்ஸ்பர்குக்கும் இடையே ஓடிய ரயில் 2022 மார்ச்சில் நின்றுபோனது. நேர்மாறாக, 2021 டிசம்பரில் லாவோஸ்–சீனா ரயில் பாதை திறந்ததால், மலைச் சாலையில் நாள் முழுக்கக் குலுங்கிப் போன இடத்தை இப்போது ரயிலில் கடக்கலாம்.

என் தீர்ப்பு இது: நடுவில் இறங்கத் தேவையில்லாத நீண்ட ரயில் கிடைத்தால் தரைவழிக்கு நிகர் எதுவும் இல்லை. மற்றபடி அது முடிந்த பயணத்தின் வால் அல்ல, புதிதாகத் தொடங்கும் இன்னொரு பயணம்.

ஒரே ஊரில் தங்கிவிடுவது

பிரிட்டிஷ் ராணுவம் ஆப்கானிஸ்தானிலிருந்து திரும்பிய வீரர்களை நேரே வீட்டுக்கு அனுப்பாமல், சைப்ரஸில் ஓரிரு நாள் நிறுத்திவைத்துப் பிறகு அனுப்பியது. முதுகுப்பைப் பயணத்தைப் போருக்கு ஒப்பிடுவது அதிகப்பிரசங்கித்தனம் என்பது தெரியும். ஆனாலும் களத்துக்கும் வீட்டுக்கும் இடையே மூன்றாவதாக ஓர் இடம் வேண்டும் என்ற யோசனை நமக்கும் பொருந்தும்.

ஊரைத் தேர்ந்தெடுப்பதில்தான் சூட்சுமம். பார்க்க வேண்டிய இடம் எதுவும் இருக்கக்கூடாது. ஒன்று இருந்தால்கூட அதைப் பார்க்காமல் விடுவது குற்றவுணர்வாகும். மலிவான அறை, நடக்க ஒரு தெரு, உட்கார ஒரு மேசை போதும். பொதுக்கூடத்தில் இரவெல்லாம் ஆட்டம் நடக்கும் ஹாஸ்டலாக இருந்தால் நோக்கமே கெட்டுவிடும்.

போன முதல் நாளே பையை முழுவதுமாகக் கட்டிலில் கொட்டிவிடுங்கள். இத்தனை மாதமும் மேலிருந்து எடுத்து மேலேயே திணித்த பை அது; அடியில் இருப்பது உங்களுக்கே தெரியாது. நாணயம் மாற்றுபவர் நோட்டைத்தான் வாங்குவார் என்பதால், கடந்து வந்த நாடுகளின் சில்லறை எல்லாம் ஒரு காலுறைக்குள் சேர்ந்து கனக்கும். எப்போதோ தொலைந்த பூட்டின் சாவி இருக்கும். மடங்கி மடங்கி எழுத்து அழிந்த படகு டிக்கெட் இருக்கும். பாதியில் நின்ற டாக்சிசைக்ளின் அட்டை இருக்கும். மலேரியாப் பகுதியை விட்டு வெளியே வந்த பிறகும் நான்கு வாரம் விழுங்க வேண்டிய மாத்திரை அது. கொசு இல்லாத ஊருக்கு வந்ததும் மறந்திருப்பீர்கள். கையிருப்பைக் கணக்கெடுக்கும் இந்த ஒரு மணி நேரத்தில், நடந்தது என்ன என்பதற்குப் படங்கள் தராத வரிசை கிடைக்கிறது.

இரண்டாம், மூன்றாம் நாளில் சலிப்பு வரும். அதை ஓட்டத்தால் ஆற்ற முயலக்கூடாது. டைரி வைத்திருப்பவர்கள் அன்றன்றைய நாளை எழுதுவதை நிறுத்திவிட்டு முதல் பக்கத்திலிருந்து வாசிக்கலாம். முதல் வாரத்துப் பக்கங்களில் பயமும் செலவுக் கணக்கும்தான் மிகுந்திருக்கும். பிற்பாடு பெயர்கள் கூடும். நடுவில் சில வாரங்களுக்கு எழுத்தே இருக்காது. அந்த வெற்றுத் தாள்களில் என்ன நடந்தது என்று நினைவுபடுத்தி ஓரத்தில் குறிப்பது நல்ல வேலை. டைரி இல்லாதவர்கள் வங்கிக் கணக்கின் பட்டியலை வைத்துக்கொண்டே இதைச் செய்யலாம். எந்தத் தேதியில் எந்த ஊரில் பணம் எடுத்தோம் என்பது அதில் அப்பட்டமாக இருக்கிறது.

இந்த வழிக்கு ஓர் ஆபத்து உண்டு. தங்குவது சுகமாகிவிட்டால் டிக்கெட்டைத் தள்ளிப்போடத் தோன்றும். விசா அதற்கு இடம் தருமா என்று முன்பே பாருங்கள். ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாளை எடுத்தாலும் 90 நாள்தான் அனுமதி. நுழையும் நாளும் வெளியேறும் நாளும் கணக்கில் சேரும். சும்மா இருந்த நாளுக்கு அங்கே தள்ளுபடி இல்லை.

தொடங்கிய ஊருக்கே திரும்புவது

நான்காவது வழி இது. பயணத்தில் முதலில் இறங்கிய அந்நிய ஊருக்கே கடைசியில் போய் ஒரு வாரம் இருப்பது. பணத்தைக் கணக்குப் பார்த்தால் முட்டாள்தனம். புதிதாகப் பார்க்க எதுவும் இல்லை. இருந்தாலும் நான்கில் இதற்குத்தான் என் ஓட்டு.

காரணத்தைச் சொல்கிறேன். வெளிநாட்டுக்குப் போனவர்களின் மனநிலை முதலில் உயர்ந்து, பிறகு சரிந்து, மீண்டும் ஏறுகிறது என்று, அமெரிக்காவில் தங்கிப் படித்த நார்வேக்காரர்களை ஆராய்ந்து 1955-ல் சமூகவியலாளர் ஸ்வெர்ரே லிஸ்கார்ட் எழுதினார். 1963-ல் ஆய்வாளர்களான கல்லஹார்ன் தம்பதியர் அதற்கு இரண்டாம் பாதி ஒன்றைச் சேர்த்தார்கள்: ஊர் திரும்பியதும் அதே சரிவு இன்னொரு முறை வருகிறது. முதல் சரிவுக்கு எல்லாரும் தயாராகப் போகிறார்கள். இரண்டாவதை யாரும் எதிர்பார்ப்பதில்லை, ஏனென்றால் அது சொந்த ஊரில் வருகிறது.

அந்தச் சரிவின் பெரும்பகுதி எனக்குத் தெரிந்தவரை ஒரே விஷயத்தால் ஆனது: நாம் கண்டதைக் கேட்க யாருக்கும் பொறுமை இல்லை. எப்படி இருந்தது என்று கேட்பார்கள். இரண்டாவது நாட்டை நாம் தாண்டும் முன்பே பேச்சு அடுத்த வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்விடும். முதல் ஊருக்குத் திரும்புவது இதற்கு நல்ல ஒத்திகை. அன்று மூன்று பேரிடம் வழி கேட்டுத் தடுமாறிய பஸ் நிலையத்தில் இன்று பலகையைப் பார்க்காமலே நடக்கிறீர்கள். ஹாஸ்டல் வரவேற்பு மேசையில் அதே ஆள் இருக்கிறார். நீங்கள் கண்டம் தாண்டி வந்த கதையெல்லாம் அவருக்குத் தெரியாது. உங்கள் முகமே அவருக்கு நினைவில்லை. கடவுச்சீட்டைக் கேட்கிறார், படிவத்தை நீட்டுகிறார். ஊரில் நடக்கப் போவது இங்கே சின்ன அளவில், வலிக்காத விதத்தில் நடந்துவிடுகிறது. மாற்றத்தை அளக்கவும் இதைவிட நேர்மையான அளவுகோல் கிடைக்காது: அதே தெரு, அதே படிக்கட்டு, முன்பு மூச்சிரைத்த பை.

முதல் ஊர் மிகத் தொலைவில் இருந்தால், பயணத்தின் நடுவில் தங்கிய ஏதாவது ஓர் ஊரும் ஆகும். ஏற்கெனவே தெரிந்ததாக இருப்பதுதான் நிபந்தனை. அதுவும் முடியாதவர்கள் மூன்றாவது வழியை எடுக்கலாம். நேராக வீட்டுக்கு ஓட வேண்டியவர்கள் ஓடட்டும். அவர்களுக்கு விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இரண்டு இரவு தங்குவதே பெரிய லாபம்.

எந்த வழியை எடுத்தாலும் தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாக வாங்குங்கள். வீட்டுக்குச் சொல்லும் தேதியில் மட்டும் உறுதியாக இருங்கள். வந்து இறங்கிய மறுநாளை எந்த விருந்துக்கும் ஒதுக்கிவிடாதீர்கள். கிழக்கு நோக்கிப் பல மணி நேரம் பறந்து வந்தவர், தன்னைப் பார்க்கத் திரண்டிருக்கும் உறவினர்களுக்கு நடுவில், கதையின் முக்கியமான கட்டத்தில் தானே தூங்கிவிடுவார்.