கர்ப்ப கால உணவு: கைப்பேசியா, வீட்டுப் பெரியவர்களா, கிராம சுகாதாரச் செவிலியரா?

கருவுற்ற பெண் என்ன சாப்பிட வேண்டும் என்று சொல்வதற்குத் தமிழ்நாட்டில் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. மாமியாரும் அம்மாவும் சொல்வார்கள். துணை சுகாதார நிலையத்துச் செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், மகப்பேறு மருத்துவர் ஆகியோரும் சொல்வார்கள். எல்லோருக்கும் முன்பே கைப்பேசி சொல்லிவிடும். இவர்களை ஒப்பிட நான் இரண்டு கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன். தேவைப்படும் வாரத்தில் வந்து சேருபவர் யார்? வந்தபின், "நேற்று என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்பவர் யார்?

முதல் கேள்வியில் கைப்பேசிதான் முந்துகிறது. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழல், கருத்தரித்த 28 நாட்களுக்குள் மூடிக்கொள்கிறது. மாதவிலக்கு தள்ளிப்போனதை அந்தப் பெண் கவனிக்கும் நேரத்தில் அந்த நாட்களில் பாதி கடந்திருக்கும். ஆகவே, அந்தக் குழல் சரியாக மூட உதவும் ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமினை, நாளுக்கு 400 மைக்ரோகிராம் அளவில், கருத்தரிக்கும் முன்பே தொடங்க வேண்டும். மூன்று மாதம் முடியும்வரை வெளியே சொல்லக் கூடாது என்ற வழக்கம் உள்ள வீடுகளில், இதைக் கூச்சமில்லாமல் கேட்டறிய வேறு வழியும் இருப்பதில்லை. ஆனால் கைப்பேசி தரும் பட்டியல்கள் பல, வேறு நாட்டுச் சமையலறையிலிருந்து வந்தவை. மென்மையான பாலாடைக்கட்டியைத் தவிர்க்கச் சொல்லும் அந்தப் பட்டியலுக்கு, காலையில் பழைய சோறும் மதியம் ரசமும் சாப்பிடும் பெண்ணின் தட்டில் புரதம் எங்கே என்று கேட்கத் தெரியாது. தமிழ்க் காணொளிகளோ, குங்குமப்பூ குடித்தால் குழந்தை சிவப்பாகப் பிறக்கும் என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கின்றன. அதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

வீட்டுப் பெரியவர்களை அறியாமையின் உருவமாகக் காட்டுவது எனக்கு உடன்பாடில்லை. முருங்கைக்கீரை, கேழ்வரகுக் களி, சுண்டல், மசக்கையின்போது கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை சாப்பிடுவது ஆகிய நல்ல பழக்கங்கள் அவர்கள் வழியாகவே வந்தன. பச்சைப் பப்பாளி வேண்டாம் என்பதிலும், அதன் பாலில் கருப்பையைச் சுருங்கச் செய்யும் தன்மை விலங்கு ஆய்வுகளில் தெரிய வந்திருப்பதால், நியாயம் உண்டு. அந்த அச்சத்தை நன்கு பழுத்த பழத்துக்கும் நீட்டுவதுதான் மிகை. உண்மையான ஆபத்து வேறொரு சொல்லில் இருக்கிறது: "நிறையச் சாப்பிட்டால் பிள்ளை பெருத்துவிடும், பிரசவம் சிரமமாகும்." குழந்தை வேகமாக எடை கூடும் கடைசி மாதங்களில்தான் இந்தச் சொல்லைக் கேட்டுப் பெண்கள் சோற்றைக் குறைக்கிறார்கள். அந்தக் காலத்தில் வழக்கத்தைவிட நாளுக்குச் சுமார் 350 கிலோ கலோரி கூடுதலாக வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. அறிவுரை எங்கிருந்து வந்தாலும், உலையில் எவ்வளவு அரிசி போடுவது, முட்டை யாருக்கு என்பதைத் தீர்மானிப்பவர்கள் பெரியவர்களே என்பதையும் மறக்கக் கூடாது.

இரண்டாவது கேள்விக்குச் செவிலியரே என் விடை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் கருவுற்ற பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்கள். செவிலியரின் கையில் அந்தப் பெண்ணின் தாய் சேய் நல அட்டை இருக்கிறது. ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இறங்கியிருப்பது அதில் எழுதப்பட்டிருக்கிறது. 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கொண்ட மாத்திரையை நான்காம் மாதத்திலிருந்து 180 நாட்கள் விழுங்க வேண்டும் என்பது எல்லா இடத்திலும் கிடைக்கும் தகவல்தான். ஆனால் மலம் கறுத்துப் போவதைக் கண்டு பயந்தோ, குமட்டலாலோ அவள் பத்தாம் நாளே மாத்திரையை நிறுத்தியிருப்பாள். அதை விசாரித்து அறிந்து, கறுப்பு நிறம் இரும்பினால் வருவது, பயப்பட வேண்டாம், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் போடு, டீயோடு போடாதே, சுண்ணாம்புச்சத்து மாத்திரையை வேறு வேளைக்கு மாற்று, சாப்பாட்டில் எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொள் என்று சொல்பவர் அவர்தான். குறை ஒன்றுண்டு: சமவெளியில் ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு 5,000 பேர் என்பது விதி, பதிவேடுகளுக்கும் தடுப்பூசிக்கும் நடுவே ஒரு பெண்ணோடு உட்கார்ந்து பேச அவருக்குக் கிடைப்பது சில நிமிடங்களே.

அங்கன்வாடி, அறிவுரையைவிடச் சத்துமாவைத் தருவதில்தான் பலமானது. மருத்துவரின் இடம் வேறு. 75 கிராம் குளுக்கோஸ் கரைசலைக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் இரத்தச் சர்க்கரை அளவு 140ஐத் தொட்டுவிட்டால், அது கர்ப்பகால நீரிழிவு; இதுவரை சொன்ன பட்டியல்கள் பலவும் மாறிவிடும். பாட்டி தந்த பேரீச்சம்பழம், காணொளி சொன்ன பழச்சாறு, வெல்லம் சேர்ந்த சத்துமாவு ஆகிய மூன்றையும் அளவு பார்த்தே சாப்பிட வேண்டியிருக்கும்; அந்த அளவை மருத்துவரோ உணவியல் வல்லுநரோதான் சொல்ல வேண்டும்.

ஆகவே, கருத்தரிக்கத் திட்டமிடும் நாட்களிலும் முதல் வாரங்களிலும் கைப்பேசியை நாடுவது தவறில்லை. அதே கைப்பேசியில் 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணை அழைத்துக் கேட்பது காணொளியைவிட நல்லது. 12 வாரத்துக்குள் பதிவு செய்து, அதன்பின் செவிலியரின் சொல்லை முதன்மையாகக் கொள்ளலாம். முந்தைய இரண்டு நாட்களில் சாப்பிட்டதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால், அந்தச் சில நிமிடங்கள் வீணாகாது. ஒரு முறையாவது மாமியாரையோ அம்மாவையோ உடன் அழைத்துச் செல்வது நல்லது. செவிலியர் சொன்னதை மருமகள் வீட்டுக்கு வந்து சொன்னால் அது எதிர்வாதமாகக் கேட்கும். செவிலியரே நேரில் சொல்லக் கேட்டால், மறுநாள் உலையில் அரிசி ஒரு பிடி கூடும்.