கோத்தகிரி வீட்டு ஃபயர்பிளேஸ்: ஆறு குளிர்காலம் கழித்து

கோத்தகிரியில் இந்தப் பழைய ஓட்டு வீட்டை வாங்கியபோது, பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் முதலில் போட்டோ எடுத்தது ஹாலில் இருந்த ஃபயர்பிளேஸைத்தான். கணப்பு என்று நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறது. எங்கள் தெருவில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. சூட்டுக்காக மட்டும் ஒன்று கட்ட நினைக்கிறீர்கள் என்றால், வேண்டாம், ஹீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள்.

திறந்த கணப்பில் எரியும் விறகின் சூட்டில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் அறைக்கு வரும். மீதி சிம்னி வழியாக வானத்துக்கு. போதாக்குறைக்கு, மேலே போகும் காற்றுக்கு ஈடாகக் கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு வழியாகக் குளிர்காற்றையும் உள்ளே இழுக்கும். எங்களுடையது ஆழமில்லாமல், இரு பக்கச் சுவரும் விரிந்த வடிவம். சூட்டை அறைக்குள் திருப்பிவிட 1790-களில் ரம்ஃபோர்டு பிரபு சொன்ன வடிவம் அது. அப்படியும் ஐந்தடிக்கு அப்பால் ஒன்றுமில்லை. முகம் காயும், முதுகு நடுங்கும். அம்மா பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை திரும்பி உட்காருவாள், தோசையைத் திருப்பிப் போடுகிற மாதிரி.

முதல் நாள் கதை வேறு. வீட்டை மராமத்து செய்து கொடுத்தவர் "எல்லாம் செக் பண்ணியாச்சு சார்" என்றார். பற்றவைத்த கொஞ்ச நேரத்திலேயே ஹால் முழுக்கப் புகை. கொத்தனாரைக் கூரைமேல் ஏற்றிப் பார்த்தால், சிம்னிக்குள் பறவைக்கூடு, ஒரு கூடைச் சுள்ளி. உள்சுவரில் தார் மாதிரி மினுமினுப்பாகக் கரி படிந்திருந்தது. அது தீப்பிடித்தால் சிம்னியே எரியும். இப்போது வருஷா வருஷம் குளிருக்கு முன்னால் கம்பி பிரஷ் விட்டுச் சுத்தம் செய்கிறோம். புகை திரும்பாமலிருக்க ஒரு சின்ன வேலை: விறகைப் பற்றவைக்கும் முன், செய்தித்தாளைச் சுருட்டிக் கொளுத்திச் சிம்னி வாயில் ஒரு நிமிஷம் பிடியுங்கள். அங்கே தேங்கிய குளிர்காற்று விலகி வழிவிடும்.

விறகில்தான் நான் அதிகம் ஏமாந்தேன். கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழை பலமாக உண்டு. நவம்பர் மழையில் நனைந்த கட்டையை டிசம்பரில் வாங்கினால் புகையும், கண் எரிச்சலும்தான் மிச்சம். பிப்ரவரியிலேயே லோடு இறக்கி, பிளந்து, ஷெட்டில் அடுக்கிவிட வேண்டும். இரண்டு துண்டை மோதிப் பாருங்கள்: 'டொக்' என்றால் ஈரம், 'ணங்' என்றால் காய்ந்தது. கற்பூர மரம் (யூகலிப்டஸை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) வாசனையாகச் சடசடவென்று எரியும், ஆனால் பொறி பறக்கும். மகளின் ஸ்வெட்டரில் ஓர் ஓட்டை விழுந்த மறுநாள்தான் முன்னால் வைக்க வலைத்தட்டி வாங்கினேன். சீகை, அதாவது வாட்டில் மரம், நின்று எரியும், தணல் நெடுநேரம் இருக்கும்.

இந்தத் தணலுக்காகத்தான் அம்மா ஃபயர்பிளேஸை மன்னித்தாள். திருநெல்வேலியிலிருந்து வந்த முதல் வருஷம், "இவ்வளவு விறகையும் எரிச்சு ஒரு செம்பு வெந்நிகூட போட முடியாதாலே?" என்று கேட்டவள். பொங்கலுக்கு ஊரிலிருந்து பனங்கிழங்கு வந்ததும், தோலோடு சாம்பலில் புதைத்துவிட்டாள். தோல் கருகியதும் எடுத்து, உரித்து, நடுவிலிருக்கும் தண்டை உருவி, நாரை இழுத்துப்போட்டு, மிளகும் உப்பும் தொட்டு ஆளுக்கொன்று. அவித்த கிழங்கில் வராத ஒரு புகைமணம். இப்போது பிள்ளைகள் ஜனவரி வந்தாலே ஆச்சியிடம் பார்சலைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள்.

இரண்டாம் வருஷம் அறைக்கொரு ஆயில் ஹீட்டர் வாங்கினோம். சும்மா சொல்லக்கூடாது, அறை நன்றாகவே சூடானது. சூடு வெளியே போகாமலிருக்கக் கதவைச் சாத்தினோம். எட்டு மணிக்கெல்லாம் ஹாலில் நான் மட்டும். கணப்பின் சூடு ஐந்தடிதான் என்பதால்தான் ஐந்து பேரும் அதற்குள் முட்டிக்கொண்டு உட்காருகிறோம். மேலே குறையென்று எழுதியதையே இங்கே திருப்பி எழுத வேண்டியிருக்கிறது. பெரிதாக ஒன்றும் பேசுவதில்லை. அடுத்த கட்டையை யார் வைப்பது என்பதில் தினமும் சண்டை.

ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள். விருந்தாளி ஒருவர் தணலைச் சட்டியில் அள்ளிப் படுக்கையறைக்குக் கொண்டுபோகப் பார்த்தார். மூடிய அறையில் கரி அடுப்பு வைத்துத் தூங்கியவர்கள் கார்பன் மோனாக்சைடில் இறந்த செய்திகள் இந்த மலைகளில் வருவதுண்டு. அந்த வாரமே ஹாலில் ஓர் அலாரம் மாட்டினோம்.

அப்புறம் சாம்பல். உரமாச்சே என்று வாசலில் நீலமாகப் பூத்துக்கொண்டிருந்த ஹைட்ரேஞ்சியாவுக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். அமில மண்ணில்தான் அது நீலம். சாம்பல் அதை முறித்துவிடும். மூன்றாம் வருஷம் பூவெல்லாம் ரோஸ். என் மனைவி இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மகளுக்கோ ரோஸ்தான் பிடித்தது. இப்போது மகளுக்காக ஒரு செடிக்கு மட்டும் சாம்பல் போடுகிறேன், அதுவும் மனைவி பார்க்காத நேரமாக.