பப்ளிக் அட்ஜஸ்டர் உரிமம்: டெக்சாஸா, ஃப்ளோரிடாவா?

புயலில் கூரை போன வீட்டுக்காரர் சார்பில் காப்பீட்டு நிறுவனத்தோடு மல்லுக்கட்டுபவர் பப்ளிக் அட்ஜஸ்டர். இரண்டு மாநிலங்களிலும் உரிமம் கட்டாயம்.

கட்டணத்தில் டெக்சாஸ் கறார். இழப்பீட்டில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. இழப்பைத் தெரிவித்த 72 மணி நேரத்துக்குள் பாலிசியின் முழு வரம்பையும் தருவதாக நிறுவனம் எழுதிக் கொடுத்துவிட்டால் அந்தச் சதவீதமும் கிடையாது. உழைத்த நேரத்துக்கு நியாயமான கூலி மட்டும். எனக்கு மிகவும் பிடித்த விதி இது. சண்டையே நடக்காத இடத்தில் பங்கு எதற்கு?

ஃப்ளோரிடாவில் 20 சதவீதம் வரை போகலாம். ஆளுநர் அவசரநிலை அறிவித்த பேரிடர் என்றால் முதல் ஓராண்டுக்கு 10தான்.

சரி, பிணைப் பத்திரம், அதாவது அட்ஜஸ்டர் ஏமாற்றினால் இழப்பை ஈடுகட்ட முன்கூட்டியே தரும் உத்தரவாதம்? அங்கே ஃப்ளோரிடாதான் முன்னால்: 50,000 டாலர். டெக்சாஸில் 10,000. ஏமாற்றப்பட்டவருக்கு அது போதவே போதாது.